கடன் முடியும் முன்னே பேட்டரி முடியலாமா?



மருந்து அடிக்கிற மிஷின், சோலார் விளக்கு, பேட்டரி வண்டி என்று எதற்குக் குழுக் கடன் எடுத்தாலும், அதன் உயிர் பேட்டரிதான். தவணை முடிவதற்குள் பேட்டரி படுத்துவிட்டால் வருமானம் நின்றுபோகும், தவணை நிற்காது. அதனால் மானாம்பதி பகுதிக் குழுக்கள் பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

என்ன வித்தியாசம்?

ஈய பேட்டரி விலை குறைவு, கனம் அதிகம். முழுசாக இறக்கி ஏற்றினால் சில நூறு தடவைதான் தாங்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி (எல்.எஃப்.பி.) விலை கூடுதல். ஆனால் நல்ல தரமாக இருந்தால் 2000 தடவைக்கு மேலும் உழைக்கும்.

நானோ என்றால் என்ன?

இந்த இரும்பு பாஸ்பேட் பொருளை 1997இல் அமெரிக்காவில் குட்எனஃப் குழுவினர் வெளியிட்டார்கள். 2019இல் லித்தியம் பேட்டரிக்காக நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். ஆரம்பத்தில் அதில் சார்ஜ் மெதுவாகத்தான் ஏறியது. முழு அரிசி ஊற நேரம் ஆகும். ரவையாக உடைத்தால் சீக்கிரம் ஊறிடும் இல்லையா? அதே கதைதான். லித்தியம் துகளுக்குள்ளே போய் வரவேண்டும். துகளை மிகமிகப் பொடியாக்கி, மேலே மெல்லிய கரிப் பூச்சு கொடுத்ததும் வேகம் கூடியது. ஒரு மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்குதான் நானோமீட்டர்.

நம் தமிழ்நாட்டில் காரைக்குடியிலும் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது. அங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் உருவாகி, 1953இல் திறக்கப்பட்டது.

வாங்கும் முன் கேளுங்கள்:

* எத்தனை தடவை சார்ஜ் தாங்கும்? விலையை அதால் வகுத்துப் பாருங்கள். எது மலிவு என்று தெரிந்துவிடும்.
* உத்தரவாதம் எத்தனை மாதம்? கடன் தவணையைவிடக் குறைவு என்றால் யோசியுங்கள். பில்லில் எழுதி வாங்குங்கள்.
* "நானோ" என்ற பேருக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.
* அதற்குரிய சார்ஜரையே போடுங்கள். உப்பிப்போன பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டாம்.
* பழைய பேட்டரியை வீட்டில் உடைக்காதீர்கள், அடுப்பில் போடாதீர்கள். ஈயம் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். 2022ஆம் ஆண்டு விதிப்படி, பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. கடையில் கேட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தக் கேள்விகளை எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். கடன் தீர்மானம் எழுதுவதற்கு முன்னால் பேசினால்தான் பலன்.