மெர்போக் வழியே ஒரு நாள்

சுங்கைப்பட்டாணியிலிருந்து அலோர்ஸ்டாருக்கு நெடுஞ்சாலையில் விரைந்து சென்றுவிடலாம். பள்ளி விடுமுறையில் ஒரு நாள் முழுவதும் கிடைக்குமாயின், பெடோங்கில் மேற்கே திரும்பி, மெர்போக், யான் வழியாகக் கடலோரமாய்ச் செல்லும் சாலையே சிறந்தது என்போம்.

மெர்போக்கில் அவசரப்படலாகாது. அங்குள்ள தொல்பொருட்காட்சிச்சாலையை ஒட்டி, ஓடைக்கரையில், புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளம் 1960இல் சீரமைக்கப்பெற்று நிற்கின்றது. தூண்களைத் தாங்கிய கற்கள் உள. கூரை மட்கி மறைந்தது. விமானமும் மண்டபமுமான அதன் அமைப்பு நம்மவர் கண்களுக்குப் புதிதன்று. தமிழர் இந்நாட்டுக்கு ரப்பர் மரத்தோடுதான் வந்தனர் எனத் தோட்டப் பிள்ளைகள் பலர் எண்ணுகின்றனர். இராசேந்திர சோழன் 1025இல் கடாரத்தின்மீது படையெடுத்ததற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, கடல் கடந்த வணிகர் 1,217 மீட்டர் உயர ஜெராய் மலையை அடையாளமாகக் கொண்டு இத்துறைக்கு வந்தனர். பிள்ளைகளுக்கு இதனை அவ்விடத்திலேயே கூறுங்கள், கற்களின்மேல் ஏறவிடாதீர்கள். இப்பள்ளத்தாக்கின் மற்றொரு கோயில் எச்சம் வீட்டுமனைப் பணியில் அழிந்தது 2013இல் தெரியவந்தது.

யானுக்கு அப்பால் கோலக்கெடா வரை இருபுறமும் வயலே. சதுப்பாய்க் கிடந்த இச்சமவெளியில், மந்திரி புசார் வான் மாட் சமான் 1885இல் கால்வாய் வெட்டத் தொடங்கினார். அதன் பின்னும் மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகமே விளைந்தது. முடா, பெடு அணைகளின் நீர் 1970இல் வந்த பிறகே இரு போகமாயிற்று. நடவுக் காலத்தில் சென்றால், வயல்நீரில் ஜெராய் மலை தலைகீழாய்த் தெரியும்.