யானை தலைகீழாக நிற்கலாமா?

மும்பையில் மாஹிம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே தாராவி இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள் பலர் அங்கே வாழ்கிறார்கள். சந்துக்குச் சந்து சிறு தொழில்கள். அவற்றில் தையலும் ஒன்று.

அங்கே ஒரு தாய் தன் மகளுக்குக் கவுன் தைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிறுகச் சேர்த்த பணத்தில் துணி வாங்கினார். துணி நிறைய யானைப் படங்கள். துணியை மடித்தார், வெட்டினார், தைத்தார். மகள் போட்டுப் பார்த்தாள். முன்பக்கம் யானைகள் நேராக நின்றன. பின்பக்கம் யானைகள் தலைகீழாக நின்றன!

அளவில் குறை இல்லை. தையலிலும் குறை இல்லை. பிறகு எங்கே தவறு?

துணியில் உள்ள படத்துக்குத் திசை உண்டு. அதைப் பார்க்காமல் வெட்டியதுதான் தவறு.

திசையைக் கண்டுபிடிப்பது எப்படி?

துணியை விரித்துப் பிடியுங்கள். பிறகு தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே மாதிரி தெரிகிறதா? அப்படியானால் கவலை இல்லை. மதுரைச் சுங்குடியின் புள்ளிகளை எப்படித் திருப்பினாலும் அவை புள்ளிகள்தான்.

யானை, மயில், மரம், எழுத்து ஆகியவை அப்படி அல்ல. திருப்பினால் தலைகீழாகிவிடும். இது ஒருவழித் துணி. பூப்போட்ட துணியில் ஏமாந்துவிடாதீர்கள். எல்லாக் காம்புகளும் ஒரே பக்கம் பார்த்தால் அதுவும் ஒருவழித் துணிதான்.

மடிப்பில் கவனம்

துணியின் நீளவாக்கில் இரண்டு ஓரமும் கரை இருக்கும். பெரும்பாலான துணிகளில் படங்கள் நீளவாக்கில் நிற்கும். அத்துணியைக் கரையோடு கரை சேர்த்து மடியுங்கள். இரண்டு அடுக்கிலும் படம் நேராக இருக்கும். குறுக்கே மடித்தால் ஓர் அடுக்கு தலைகீழாகிவிடும். அந்தத் தாய் குறுக்கேதான் மடித்தார்.

சிலர் தோளில் தையல் வராமல் முன்பாகத்தையும் பின்பாகத்தையும் ஒரே துண்டாக வெட்டுவார்கள். ஒருவழித் துணிக்கு இது ஆகாது. இரண்டாக வெட்டித் தோளில் இணைக்க வேண்டும்.

எவ்வளவு துணி வாங்குவது?

வெறுந்துணியில் துண்டுகளை மேலும் கீழுமாகத் திருப்பி அடுக்கி மிச்சம் பிடிக்கலாம். ஒருவழித் துணியில் அது முடியாது. அதனால் துணி கூடுதலாக வேண்டும். படம் பெரிதாக இருந்தால் ஒரு யானையிலிருந்து அடுத்த யானை வரை டேப்பால் அளந்து பாருங்கள். முன்பாகத்துக்கும் பின்பாகத்துக்கும் அந்த அளவு கூட்டி வாங்குங்கள். அப்போது படங்களை இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் கொண்டுவரலாம். கடையில் பன்னாவையும் கேளுங்கள். பன்னா என்றால் துணியின் அகலம். 36 அங்குலத் துணிக்கும் 44 அங்குலத் துணிக்கும் வாங்கும் நீளம் மாறும்.

தையல் கூடத்தில்

கூடங்களில் துணியைப் பல அடுக்காக விரித்து ஒரே முறையில் வெட்டுவார்கள். கை அளவுக் காகிதத்தைத் தலைகீழாக வைத்துவிட்டால் அத்தனை அடுக்கிலும் கைகள் கெட்டுப்போகும். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்குப் பிரித்துத் தைப்பது பெரிய நஷ்டம். நேரம் போகும், கூலி வராது.

இதைத் தடுக்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு துண்டும் வரும் இடத்தில், துணியின் உள்பக்கம் சாக்குக்கட்டியால் ஓர் அம்புக்குறி போடுங்கள். அது படத்தின் தலைப்பக்கத்தைக் காட்டட்டும். எல்லா அம்புகளும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா? பார்த்த பிறகு கத்தரியை எடுங்கள்.

அந்தத் தாய் என்ன செய்யலாம்? பின்பாகத்தைப் பிரித்து, யானையின் நிறத்திலேயே வெறுந்துணி வாங்கி இணைக்கலாம். பிரித்த துண்டும் வீணாகாது. திருப்பிப் பிடித்தால் யானைகள் நேராக நிற்கும். அதில் மகளுக்கு ஒரு பை தைக்கலாம்.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டில் உள்ள பூப்போட்ட துணிகளை எடுத்துப் பாருங்கள். அவற்றில் ஒருவழித் துணிகள் எத்தனை?