83 விநாடி சிவப்பு வெளிச்சம்

வீட்டுல தாத்தாவோ பாட்டியோ "பஸ் போர்டுல எழுத்து நெளியுதுப்பா"ன்னு சொன்னா, நாம உடனே சொல்றது: "வயசாச்சுல்ல, கண்புரையா இருக்கும்." ஆனா கண்புரையில் பார்வை மங்கும்; பொதுவாக நேர்க்கோடு வளையாது. கோடு வளைந்தால் விழித்திரையைச் சந்தேகிக்கணும்.

அதற்கான காரணங்களில் ஒன்று, 'பாலிபாய்டல் கோராய்டல் வாஸ்குலோபதி', சுருக்கமாக பி.சி.வி. விழித்திரைக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் குட்டி பலூன் மாதிரி வீங்கி, நீரும் ரத்தமும் கசியும். வெள்ளையர்களைவிட நம்ம ஆசியர்களிடம் இது அதிகம்.

கசிவை சாதாரண லேசரால் சுட்டு அடைக்கலாமே? நடுப்பார்வைப் பகுதியில் அப்படிச் சுட்டால் மேலே இருக்கும் விழித்திரையும் சேர்ந்து கருகும். அதனால்தான் ஒளிவழி சிகிச்சை (போட்டோடைனமிக் தெரபி).

'வெர்டிபோர்ஃபின்' என்ற மருந்தைக் கை நரம்பு வழியா 10 நிமிஷம் ஏற்றுவாங்க. இருட்டில் அது சாதுவான மருந்து. ஏற்றத் தொடங்கிய 15-வது நிமிஷம், 689 நானோமீட்டர் சிவப்பு லேசரை வீங்கிய இடத்தில் மட்டும் காட்டுவாங்க. ஒளி பட்டதும் மருந்து பக்கத்திலுள்ள ஆக்சிஜனைத் தூண்டிவிடும். அது குழாயின் உட்சுவரைத் தாக்கும். ரத்தம் உறைந்து குழாய் மூடிக்கொள்ளும். சூடே தேவையில்லை.

நம்ம கணக்கு இதோ: சதுர செ.மீ.க்கு 600 மில்லிவாட் × 83 விநாடி = சுமார் 50 ஜூல். இதுதான் வழக்கமான முழு அளவு. பல நேரம் கண்ணுக்குள் போடும் ஊசியோடு சேர்த்தே இதைச் செய்றாங்க. ஆசிய நாடுகளில் 322 பேரிடம் நடந்து 2017-ல் வெளியான எவரெஸ்ட்-2 ஆய்வில், ஊசி மட்டும் போட்டவர்களில் 34.7% பேருக்கு வீக்கங்கள் முழுசா அடங்கின. ஒளியும் சேர்த்தவர்களில் 69.3%.

சிகிச்சைக்குப் பிறகு சில நாள் வெயில் படவே கூடாது. சென்னையில் அது சின்ன விஷயமில்லை!

ஆனா செத்துப்போன விழித்திரை செல்களை எந்த லேசரும் திருப்பித் தராது. அதனால் இன்னிக்கே ஒரு கிராஃப் ஷீட்டின் நடுவில் புள்ளி வையுங்க. தாத்தா கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, மற்ற கண்ணால் புள்ளியைப் பார்க்கட்டும். பிறகு அடுத்த கண். கோடு வளைந்தாலோ கட்டம் மறைந்தாலோ தள்ளிப்போடாதீங்க. சைதாப்பேட்டையில் மின்சார ரயில் ஏறினா மூணாவது ஸ்டேஷன் நுங்கம்பாக்கம், அங்கே சங்கர நேத்ராலயா. ஐந்தாவது எழும்பூர், அங்கே 1819-ல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை.