தேய்ந்த 4 பொத்தான் திருடனுக்கு வழிகாட்டும்!

கரடியூர் பங்களாக்களில் அலாரம்: மாட்டினால் போதுமா?

சேலம், ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, கரடியூர் பக்கம் திரும்பினால் காபித் தோட்டங்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. சனி, ஞாயிறு ஒரே கலகலப்பு. திங்கட்கிழமை பல பங்களாக்களில் பூட்டும் வாட்ச்மேனும்தான்! அறுவடை முடிந்தால் குடோனில் காபி, மிளகு மூட்டைகள் வேறு.

இப்படிப்பட்ட இடங்களுக்கு அலாரம் பெட்டி நல்ல காவல்தான். 1853-லேயே அமெரிக்காவில் போப் என்பவர் மின்சாரத் திருட்டு மணிக்கு காப்புரிமை வாங்கிவிட்டார். இன்று மணிக்குப் பதில் சைரன். சாவிக்குப் பதில் கதவோரம் எண் பொத்தான்கள் உள்ள 'கீபேட்'.

கோளாறு அங்கேதான் ஆரம்பம்!

கம்பெனியில் இருந்து வரும்போதே 1234 மாதிரி ஒரு ரகசிய எண் இருக்கும். மாட்டுகிறவர் மாற்றாமல் போய்விடுவார். "நம்ம வீட்டுக்கு எவன் வரப்போறான்?" என்று வீட்டுக்காரரும் விட்டுவிடுவார். அந்த எண் கையேட்டிலேயே அச்சாகி இருக்கிறதே! உரிமையாளர் எண், மெக்கானிக் எண் இரண்டையும் முதல் நாளே மாற்ற வேண்டும்.

நாலு இலக்கத்தில் 10,000 எண்கள் உண்டு. ஆனால் வருஷக்கணக்கில் ஒரே எண்ணை அழுத்தினால் அந்த 4 பொத்தான் மட்டும் தேய்ந்து பளபளக்கும். அப்புறம் திருடன் முயல வேண்டியது வெறும் 24 தடவை! தப்பாக அழுத்தினால் சில தடவையோடு கீபேட் பூட்டிக்கொள்ளும் வசதி பல பெட்டிகளில் இருக்கிறது. அதைப் போட்டுவையுங்கள்.

வேலையாள், மேஸ்திரி, வாட்ச்மேன் எல்லோருக்கும் ஒரே எண் கூடவே கூடாது. ஆளுக்கு ஓர் எண் கொடுத்தால், யார் எப்போது திறந்தார் என்று பெட்டியே பதிந்து வைக்கும். வேலையை விட்டுப் போனவரின் எண்ணை அன்றே அழித்துவிடலாம். சென்னை அரும்பாக்கத்தில் 2022 ஆகஸ்டு 13-ந் தேதி தங்கநகைக் கடன் நிறுவனத்தில் ஊழியர்களைக் கட்டிப்போட்டு நடந்த கொள்ளை நினைவிருக்கிறதா? கைதானவர்களில் அதே நிறுவனத்தின் ஊழியரும் ஒருவர்!

கத்தியைக் காட்டி "அலாரத்தை நிறுத்துடா" என்றால்? அதற்கும் தனி எண் உண்டு. அழுத்தினால் சைரன் வாயை மூடும். ஆனால், முன்பே இணைத்து வைத்திருந்தால் வெளியே தகவல் சத்தமில்லாமல் பறக்கும்.

பங்களாவின் முன்வாசலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என இரண்டு கீபேட் வைப்போர் கவனிக்க: பல வகைப் பெட்டிகளில் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி எண் தர வேண்டும். இரண்டுக்கும் ஒரே முகவரி கொடுத்தால் பெட்டி குழம்பிவிடும். கதவைத் திறந்து எண்ணை அழுத்த 30 விநாடி போதும். சோம்பலில் 2 நிமிஷம் வைத்தால், அது திருடனுக்குக் கொடுத்த வாய்தா!

மலையில் இன்னொரு தொல்லை மின்வெட்டு. மழைக்காற்றில் மரம் சாய்ந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 2017 ஏப்ரலில் நீலகிரி கோடநாடு எஸ்டேட்டில் காவலாளி கொல்லப்பட்டு பங்களாவில் கொள்ளை நடந்தபோது, கேமராக்கள் வேலை செய்யவில்லை என்பது பெரும் பேச்சானது. அலாரம் பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியை மூன்று, நாலு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் சைரன் வெறும் அலங்காரம்தான்.

மாதம் ஒருநாள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு கதவைத் திறந்து பாருங்கள், அலறுகிறதா என்று. பக்கத்து எஸ்டேட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் தடியோடு வந்துவிடுவார்கள்!