இறவாத் தலைவரைத் தேடிய கோமகன்

சாவை நினைவில் கொள்ள வேண்டும் என்னும் அறிவுரை, கிறிஸ்தவ மரபில் துறவியருக்கு மட்டும் உரியதாக ஒருபோதும் இருந்ததில்லை. தவக்காலத்தின் தொடக்கமாகிய சாம்பல் புதனன்று குருவானவர் ஒவ்வொருவர் நெற்றியிலும் சாம்பல் பூசி, மண்ணிலிருந்து வந்த மனிதர் மண்ணுக்கே திரும்புவர் என்று நினைவூட்டுகிறார். கத்தோலிக்கக் குடும்பங்கள் நல்மரணம், அதாவது இறைவனோடு ஒப்புரவான நிலையில் வரும் சாவு, வேண்டிச் சூசையப்பரை மன்றாடுகின்றன. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட செல்வன் அன்றிரவே உயிரிழக்க வேண்டியிருந்ததைக் கூறும் லூக்கா நற்செய்தியின் உவமையும் இதே நினைவையே எழுப்புகிறது. ஆயினும் இந்த நினைவு ஒருவரை எங்கே கொண்டுசேர்க்க வேண்டும் என்பதில் தடுமாற்றம் உண்டு. உலகக் கடமைகளை உதறிவிட்டுப் போவதே விசுவாசத்தை முதலிடத்தில் வைப்பது என்று எண்ணுவோருக்கு, 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த பிரான்சிஸ் போர்ஜியாவின் வரலாறு வேறொரு விடை தருகிறது.

1510இல் பிறந்த போர்ஜியா, தந்தை வழியில் திருத்தந்தை ஆறாம் அலெக்சாந்தரின் கொள்ளுப்பேரர். தாய் வழியில் அரகோன் அரசர் பெர்தினாந்தின் கால்வழியினர். ஐரோப்பாவின் பெரும்பகுதியையும் கடல்கடந்த நாடுகளையும் ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லசின் அவையில் பணிபுரிந்த அவருக்கும் அவருடைய மனைவி லியோனோருக்கும், பேரரசி இசபெல்லாவின் நெருங்கிய பணிவிடைப் பொறுப்புகள் கிடைத்திருந்தன. அழகுக்கும் பண்புக்கும் புகழ்பெற்ற அந்தப் பேரரசி, 1539 மே 1 அன்று தொலேதோ நகரில் 35 வயதில் பேறுகால நோயால் இறந்தார். அவருடைய உடலைத் தெற்கே கிரனாதாவிலுள்ள அரச கல்லறைக் கோவிலுக்குக் கொண்டுசென்று ஒப்படைக்கும் பொறுப்பு போர்ஜியாவிடம் வந்தது. வெயில் ஏறத் தொடங்கிய பருவத்தில் பல நாள் நடந்த அந்தப் பயணத்தின் முடிவில், முறைப்படி பேழையைத் திறந்து, உள்ளே இருப்பது பேரரசியே என்று அவர் உறுதி கூற வேண்டியிருந்தது. அடையாளம் காண இயலாதவாறு சிதைந்திருந்த அந்த முகத்தைக் கண்டபோது, சாவுக்கு ஆளாகும் எந்தத் தலைவருக்கும் இனிப் பணிபுரிவதில்லை என்று அவர் உறுதிபூண்டதாக அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். மகுடம் சூட்டிய மண்டையோட்டுடன் ஓவியர்கள் அவரைத் தீட்டுவது இதனால்தான்.

பேழையைத் திறந்த நாளிலேயே அவர் துறவியாகிவிட்டதைப் போல இக்கதை பலமுறை சொல்லப்பட்டுள்ளது. உண்மை அதைவிட நிதானமானது, அதைவிடப் பயனுள்ளதும்கூட. அதே 1539இல் அவர் கத்தலோனியாவின் அரசப் பிரதிநிதியாக அமர்த்தப்பட்டு, 1543 வரை அப்பகுதியை ஆண்டு, வழிப்பறிக் கூட்டங்களை அடக்கினார். பின்னர் தந்தையின் மறைவால் கந்தியா என்னும் நிலப்பகுதியின் கோமகன், அதாவது அரசருக்கு அடுத்த நிலையிலுள்ள உயர்குடித் தலைவர், ஆனார். எட்டுப் பிள்ளைகளுக்குத் தந்தையாக இருந்துகொண்டே செபத்தையும் தவத்தையும் அவர் பெருக்கிக்கொண்டார். கிரனாதாவில் பிறந்த உறுதி, ஆட்சிக்கும் இல்லறத்துக்கும் நடுவே ஏழு ஆண்டுகள் முதிர்ந்தது. இறப்பின் அதிர்ச்சி தணிந்த பிறகும் நிலைக்கும் முடிவே நம்பத்தக்கது என்பதால், இந்தத் தாமதம் அவருடைய பெருமையைக் குறைக்கவில்லை.

புனித இஞ்ஞாசியார் தொடங்கிய இயேசு சபையினரின் நட்பு அவருக்கு இக்காலத்தில் கிடைத்தது. இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மீகப் பயிற்சிகள், அதாவது ஏறத்தாழ முப்பது நாள் தனிமையில் செய்யும் ஒழுங்கான தியான முறைக்கான நூல், 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலைப் பெற்றதற்குப் போர்ஜியாவின் வேண்டுகோளே காரணம். மனிதர் இறைவனுக்குப் பணிபுரியவே படைக்கப்பட்டனர், மற்ற யாவும் அந்நோக்கத்துக்கு உதவும் அளவுக்குப் பயன்படுத்தப்பட வேண்டியவை என்பது அதன் அடித்தளம். எனவே உடல்நலமா நோயா, செல்வமா வறுமையா, நீண்ட ஆயுளா குறுகிய ஆயுளா என்பவற்றில் முன்விருப்பம் கொள்ளாத மனச் சமநிலையை அது கேட்கிறது. பெரிய முடிவு ஒன்றை எடுக்க வேண்டியவர், தாம் இறக்கும் தறுவாயில் இருப்பதாகக் கருதி, அப்போது எதைச் செய்திருக்க விரும்புவாரோ அதை இப்போதே தேர்ந்துகொள்ளும்படியும் அந்நூல் வழிகாட்டுகிறது. இங்கே சாவு அச்சுறுத்தலாக அன்றி அளவுகோலாக நிற்கிறது. திருமணம் போன்ற மாற்றவியலாத நிலையில் ஏற்கெனவே உள்ளவர் அதைக் கைவிட முயலாமல், அந்த நிலைக்குள்ளேயே வாழ்வைச் சீர்ப்படுத்த வேண்டும் என்று அந்நூல் தெளிவாகக் கூறுவதைப் பலர் கவனிப்பதில்லை.

1546இல் லியோனோர் இறந்த பின்னரே போர்ஜியாவின் நிலை மாறியது. 1548இல் அவர் மறைவாகத் துறவற வாக்குக் கொடுத்தார். ஆயினும் குடும்பக் காரியங்களை ஒழுங்குபடுத்துவதற்காகச் சில ஆண்டுகள் கோமகனாகவே நீடிக்கத் திருத்தந்தையின் அனுமதி இருந்தது. பிள்ளைகளுக்கு வழிசெய்து, கந்தியாவில் தாம் நிறுவிய கல்லூரி பல்கலைக்கழகமாக உயர்வதைக் கண்டு, 1551இல் பேரரசரின் இசைவோடு மூத்த மகன் கார்லோசிடம் பட்டத்தை ஒப்படைத்து, அதே ஆண்டில் குருவானார். தம் பொறுப்பில் இருந்த ஒருவரையும் அவர் நடுத்தெருவில் விட்டுச் செல்லவில்லை. விசுவாசத்தின் பெயரால் பெற்றோரையும் பிள்ளைகளையும் கைவிடுவோர் அவரை முன்மாதிரியாகக் காட்ட இயலாது.

பேரரசர் சார்லசும் 1556இல் முடிதுறந்து, யூஸ்தே மடத்தை அடுத்து ஒதுங்கி வாழ்ந்து, 1558இல் அங்கேயே இறந்தார். அவருக்கான இறுதி வழிபாட்டில் மறையுரை ஆற்றியவர் போர்ஜியா. ஆனால் போர்ஜியாவுக்கு ஓய்வு வாய்க்கவில்லை. கர்தினால் பதவியைத் தட்டிக்கழித்த அவரை, 1565இல் இயேசு சபை தன் மூன்றாம் தலைமை அதிபராகத் தேர்ந்தது. முத்துக்குளித்துறையில் தமிழ் கற்று உழைத்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளாரும் அப்போது அவருடைய ஆளுகைக்கு உட்பட்டவரே. 1566இல் உரோமை நகரில் கொள்ளைநோய் பரவியபோது அவர் ஏழைகளுக்காக நிதி திரட்டி, சபையினரை இருவர் இருவராக நோயாளிகளிடம் அனுப்பினார். 1571இல் உடல் நலிந்திருந்த நிலையிலும் திருத்தந்தையின் கட்டளைக்கு இணங்கி ஸ்பெயின், போர்த்துகல், பிரான்சு ஆகிய நாடுகளுக்குத் தூது சென்றார். உரோமைக்குத் திரும்பிய சில நாள்களில், 1572இல், 61 வயதில் உயிர்நீத்தார்.