ஸ்டியரிங் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்

நம் சங்கத்துக் குடும்பங்களில் மண் தோண்டும் இயந்திரம் வாங்கி வாடகைக்கு விடுகிறவர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். எந்தக் கம்பெனி வண்டியானாலும் அதை 'ஜேசிபி' என்றே சொல்கிறோம், நகல் எடுப்பதற்கு ஜெராக்ஸ் என்று பெயர் வைத்துவிட்டது போல. ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் 1945-ல் ஒரு சிறு கேரேஜில் தொடங்கிய தொழிலின் முதலெழுத்துகள் அவை. 1979-ல் அரியானாவில் பல்லப்கரில் அவர்கள் தொழில் காலூன்றிய பின் அந்தப் பெயர் நம் தெருமுனை வரை வந்துவிட்டது. முன்னால் வாரும் பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் உள்ள இந்த வண்டியின் முறையான பெயர் பேக்ஹோ லோடர். குறுகிய சந்துகளில் குழாய், கேபிள் வேலைக்கென்று இதில் சிறிய வகையும் உண்டு. இந்தக் கட்டுரை அந்தச் சிறிய வண்டியைப் பற்றியது.

நாக்பூரில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பூர்வீகம் நாமக்கல் பக்கம். மகன் வங்கிக் கடனில் பழைய வண்டி ஒன்றை வாங்கி ஒரு வருடம் நன்றாக ஓட்டினான். பிறகு ஸ்டியரிங் கனக்கத் தொடங்கியது. ரோட்டில் வண்டி நேராகப் போகாமல் அலைந்தது. இடது முன் டயர் உட்பக்கமாகத் தேய்ந்தது. பட்டறையில் காட்டியபோது, பம்பும் ஸ்டியரிங் யூனிட்டும் முன் ஆக்ஸிலும் முழுதாக மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். ஏறக்குறைய ஆறு மாதத் தவணைக்குச் சமமான தொகை. தாயார் வளையலை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். "மாமா, நீங்க ஒரு தடவை பாத்துட்டு சொல்லுங்க" என்று பையன் வந்து நின்றான்.

நான் பார்த்ததெல்லாம் ரயில் சக்கரம். அதற்கு ஸ்டியரிங்கே கிடையாது. சக்கரத்தின் ஓரம் 20-க்கு 1 என்ற சரிவில் கூம்பாகக் கடையப்பட்டிருப்பதால் அது தானே தண்டவாளத்தின் நடுவைத் தேடிக்கொள்ளும். ஆனால் தேய்மானம், கிரீஸ், சூடு ஆகியவற்றின் கதை எந்தச் சக்கரத்துக்கும் ஒன்றுதான்.

இந்த வண்டிகளில் பெரும்பாலும் ஸ்டியரிங் சக்கரத்துக்கும் முன் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தண்டின் இணைப்பு இல்லை. ஸ்டியரிங் கம்பத்தின் அடியில் உள்ள யூனிட், நாம் திருப்பும் அளவுக்கு எண்ணெயை அளந்து அனுப்பும். அந்த எண்ணெய் ஆக்ஸிலில் உள்ள சிலிண்டரைத் தள்ள, சக்கரம் திரும்பும். பல வண்டிகளில் பக்கெட்டைத் தூக்கும் பம்பே ஸ்டியரிங்குக்கும் எண்ணெய் தருகிறது. எண்ணெய் முதலில் ஸ்டியரிங்குக்குப் போகும்படி நடுவில் ஒரு வால்வு இருக்கும்.

பையனின் வண்டியும் அந்த வகைதான். பக்கெட் வழக்கமான வேகத்தில் ஏறியதால் பம்பின் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. எண்ணெய் மட்டமும் டயர் காற்றும் சரியாக இருந்தன. (காற்று குறைந்த டயருக்காக பம்பை மாற்றியவர்கள் உண்டு.) பக்கெட்டைத் தரையில் ஊன்றி முன்பக்கத்தைத் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் மரக்கட்டைகள் கொடுத்தோம். இடது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் நன்றாக ஆடியது. இரு பக்கமாகப் பிடித்து ஆட்டினால் டை ராடு முனையிலும் ஆட்டம். எஞ்சினை நிறுத்தி டை ராடுகளைக் கழற்றிப் பார்த்தோம். வலது சக்கரம் கையால் திரும்பியது. இடது சக்கரத்துக்குக் குழாய் போட்டு நெம்ப வேண்டியிருந்தது.

குற்றவாளி கிங் பின். கிரீஸ் நிப்பிள் மண்ணடைத்துக் கிடந்தது. தினமும் கன் வைத்து அடித்திருக்கிறார்கள். கிரீஸ் உள்ளே போகாமல் நிப்பிளின் ஓரமாக வழிந்திருக்கிறது. வெளியே கிரீஸ் தெரிந்ததால் போட்டாயிற்று என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். கீழ் புஷ் முட்டை வடிவமாகத் தேய்ந்து, சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்து, டயரின் உட்பக்கத்தைத் தின்றிருக்கிறது. கிங் பின், புஷ்கள், ஒரு டை ராடு முனை, புது நிப்பிள்: செலவு ஒரு மாதத் தவணைக்குள் அடங்கியது. வளையல் பெட்டியிலேயே இருக்கிறது. கிரீஸ் அடித்தால் பழைய கிரீஸ் மறுபக்கம் வெளியே வர வேண்டும் என்று பையனிடம் சொல்லி வைத்தேன். முன் ஆக்ஸில் நடுவே ஊசலாடுகிற பின்னுக்கும் அதே கவனம் வேண்டும்.

ஸ்டியரிங் யூனிட்டே கெட்டிருக்கவும் கூடும். கடைசி வரை திருப்பி அழுத்திப் பிடித்தால் ஸ்டியரிங் மெதுவாக நழுவும், அது இயல்பு. வேகமாக நழுவினால் எண்ணெய் எங்கோ உள்ளே கசிகிறது. எஞ்சினை நிறுத்தி, ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பி அழுத்தத்தைப் போக்கியபின், சிலிண்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் கழற்றி யூனிட் பக்கம் இரும்பு மூடி போட்டு இறுக்கவும். மெதுவான ஓட்டத்தில் எஞ்சினை வைத்துத் திருப்பினால், அப்போதும் நழுவினால் யூனிட் பழுது. கெட்டியாக நின்றால் சிலிண்டரின் சீல் போயிருக்கிறது. அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் யூனிட்டை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் காரணம் கேட்கலாம்.

பின் ஆக்ஸிலில் வீல் பக்கம் எண்ணெய் கசிந்தால் உடனே சீல் வாங்க ஓடுகிறார்கள். ஆக்ஸில் மேல் சின்னதாக ஒரு மூச்சுத் துளை இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். அது சேற்றில் அடைத்துக்கொண்டால், ஓடும்போது உள்ளே சூடேறிய காற்று எண்ணெயைச் சீல் வழியே பிதுக்கும். புதுச் சீலும் அதே கதிதான். எண்ணெய் பால் நிறமானால் தண்ணீர் புகுந்துவிட்டது. பிரேக் தட்டுகள் எண்ணெயிலேயே மூழ்கிய வகையானால் புத்தகத்தில் சொன்ன எண்ணெயை மட்டும் ஊற்றவும். வேறு ஊற்றினால் பிரேக் பிடிக்கும்போது முனகும். அரை மணி ஓடியபின் ரயில்வே பழக்கப்படி புறங்கையால் இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகச் சூடானால் பேரிங்கோ பிரேக்கோ தொல்லை தருகிறது.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் டயர் அளவை இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள். தார் ரோட்டில் அந்த இழுப்பைப் போட்டுக்கொண்டும் ஓட்டாதீர்கள். முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கி, பல்சக்கரத்தைத் தின்றுவிடும்.

வெறும் பக்கெட் தாங்கும் வண்டியின் கீழே யாரும் போகக்கூடாது. ஹோஸில் கசிவு தேடும்போது கையால் தடவ வேண்டாம்; ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள். ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கொசுக்கடி போலத்தான் தெரியும், வலிகூட முதலில் இராது. ஆனால் தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அன்றே, அந்த மணி நேரமே ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தோடு ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே ஏறியிருக்கிறது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லவும்.