உஷார்! 'மாசாமாசம் வாடகை' என்றால் மிளகுப் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்

திண்ணனூர் நாட்டு விவசாயிகளே, காபி பறித்து முடிந்து, மிளகும் காய்ந்து மூட்டைக்குப் போகும் நேரத்தில்தான் நம் கையில் நாலு காசு நிற்கும். வாங்கிய கடனை அடைத்தது போக மிஞ்சும் அந்தப் பணத்துக்கு வலை விரிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். "சென்னையில ஐ.டி. கம்பெனி பில்டிங். அதுல உங்களுக்கும் பங்கு. ரீட் ஸ்கீம், கவர்மென்ட் அப்ரூவல் இருக்கு. லட்சத்துக்கு மாசம் மூவாயிரம் வாடகை" என்று யாராவது சொன்னால், சொல்கிறவர் பங்காளியே ஆனாலும், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இது வீண் பயமல்ல. 'தேக்கு வளரும், பணம் பெருகும்' என்ற அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1998இல் கவிழ்ந்தது. 2012இல் பெருந்துறை சுசி ஈமு பண்ணையை நம்பிய கொங்கு விவசாயிகள் நடுத்தெருவில் நின்றார்கள். மதுரையைச் சேர்ந்த நியோமேக்ஸ் ரியல் எஸ்டேட் நிறுவனத்தின் மீது, முதலீட்டாளர்களின் புகாரின் பேரில் 2023இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. மரம், கோழி, மனை என்று பண்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி மாறவில்லை: தருவதாகச் சொல்லும் பணம் எங்கிருந்து வருகிறது?

ரீட் என்பது பொய்யல்ல. பலரிடம் பணம் திரட்டிப் பெரிய அலுவலகக் கட்டடங்களையும் மால்களையும் வைத்திருந்து, வரும் வாடகையைப் பிரித்துக் கொடுக்கும் அறக்கட்டளை அது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி இதற்கான விதிகளை 2014இல் கொண்டுவந்தது. பங்குச் சந்தையில் முதலில் பட்டியலானது 2019இல் எம்பஸி. பிறகு மைண்ட்ஸ்பேஸ், புரூக்ஃபீல்டு, நெக்சஸ் செலக்ட், 2025 ஆகஸ்டில் நாலெட்ஜ் ரியால்டி. போரூரில் உள்ள காமர்ஸோன் வளாகம் மைண்ட்ஸ்பேஸ் கையில் இருக்கிறது; வடபழனி விஜயா மால் நெக்சஸ் கையில். சொத்தில் குறைந்தது 80 சதவீதம் கட்டி முடித்து வருமானம் தருவதாக இருக்க வேண்டும். பங்கிடத்தக்க பணத்தில் 90 சதவீதத்துக்குக் குறையாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது யூனிட், அதாவது பங்கு, வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும்.

இந்த நல்ல பேரைத்தான் மோசடிக்காரர்கள் இரவல் வாங்குகிறார்கள். போலியைப் பிடிக்க வழி இருக்கிறது.

ரீட் யூனிட், பங்குகளை மின்னணு முறையில் வைக்கும் உங்கள் டீமேட் கணக்கில்தான் வந்து சேரும். வாங்கிய பிறகு என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். அறிக்கையில் அதன் பேரும் எண்ணிக்கையும் தெரிய வேண்டும். முத்திரைத்தாள், கலர் சர்ட்டிபிகேட், யாரோ அனுப்பிய ஆப்பில் தெரியும் எண் எதுவும் யூனிட் ஆகாது. ரொக்கமாகவோ தனி ஆளின் ஜிபே எண்ணுக்கோ பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

லட்சத்துக்கு மாதம் மூவாயிரம் என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். பட்டியலான ரீட்கள் தருவது யூனிட் விலையில் ஏறக்குறைய 5 முதல் 7 சதவீதம். அதற்கும் உத்தரவாதம் கிடையாது. ஒரே கட்டடத்தைக் கூறுபோட்டு விற்பதற்கும் 2024இலிருந்து 'சிறு, நடுத்தர ரீட்' என்று தனி விதி உண்டு. அதில் ஒரு யூனிட் விலையே குறைந்தது 10 லட்சம். ஐம்பதாயிரம் கட்டினால் பில்டிங்கில் பங்கு என்கிறவர் எந்தப் பதிவில் விற்கிறார் என்று கேளுங்கள். செபி இணையதளத்தில் பதிவு பெற்ற ரீட்களின் பட்டியல் இருக்கிறது. வீட்டில் படிக்கிற பிள்ளையை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அசல் ரீட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு காலை விடக்கூடாது. எது அதிக சதவீதம் தருகிறது என்று மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் பங்கீட்டுத் தாள். வரும் பணம் அதில் வட்டி, டிவிடெண்ட், கடன் திருப்பம் (ரீட் தன் கட்டட நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன் திரும்பி வருவது) என்று பிரித்துப் போடப்பட்டிருக்கும். ஒரு கணக்கு: 400 ரூபாய் யூனிட்டுக்கு ஆண்டில் 24 ரூபாய் வருகிறது. கேட்க 6 சதவீதம். அதில் 10 ரூபாய் கடன் திருப்பம் என்றால், அது உங்கள் அசலின் ஒரு பகுதி திரும்பி வருவதாகவே கணக்கில் சேரும். 2023 பட்ஜெட்டுக்குப் பிறகு, வருமான வரிக் கணக்கில் நீங்கள் வாங்கிய விலை 390 ஆகக் குறைந்துவிடும். விற்கும்போது லாபம் கூடித் தெரியும், வரியும் கூடும். முழு 24 ரூபாயையும் வருமானம் என்று நம்பிச் செலவழித்தால், அது விதைச் சாமையைக் குத்திச் சோறாக்குவதுதான்.

அடுத்து, கட்டடத்தில் எவ்வளவு இடம் வாடகைக்குப் போயிருக்கிறது, குத்தகைகள் எந்த ஆண்டில் முடிகின்றன, ஒன்றிரண்டு கம்பெனிகளை நம்பியே வாடகை ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு கடன். சொத்து மதிப்பில் 49 சதவீதம் வரை கடன் வாங்க விதி இடம் கொடுக்கிறது. கடன் கூடினால் வாடகையில் பெரும்பங்கு வட்டிக்கே போகும்.

விலையும் இறங்கும். ரிசர்வ் வங்கி 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி விகிதத்தை 4இலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியது. பேங்க் டெபாசிட்டே நல்ல வட்டி தரும் காலத்தில் ரீட்டுக்குக் கிராக்கி குறையும். 2021இல் 275 ரூபாய்க்கு வெளியான புரூக்ஃபீல்டு யூனிட், 2023இல் அதற்கும் கீழே கைமாறியது. அந்த நேரத்தில் அவசரத்துக்கு விற்றவருக்கு அசலே குறைந்தது. ஆகவே ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளையின் காலேஜ் பீஸ், அடுத்த வெள்ளாமைக்கான பணம் இவற்றைத் தொடாதீர்கள். அது பேங்கிலோ போஸ்ட் ஆபீசிலோ இருக்கட்டும். ஐந்து வருடம் தேவைப்படாத பணத்தில் ஒரு சிறு பகுதி மட்டும், அதுவும் ஒரே ரீட்டில் கொட்டாமல். இப்போது ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம் என்பதால் அவசரப்பட வேண்டியதே இல்லை.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? ஊருக்குத் தெரிந்தால் அவமானம் என்று மூடி மறைக்காதீர்கள். ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். மற்றபடி பொருளாதாரக் குற்றப்பிரிவில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனத்தின் சொத்தை முடக்கி, விற்று, பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வழி இருக்கிறது. அந்தப் பட்டியலில் உங்கள் பேர் ஏற வேண்டுமானால் புகார் கொடுத்தால்தான் உண்டு. இன்றைக்கே கொடுங்கள், உங்களைப் பார்த்துப் பணம் கட்டிய பக்கத்து வீட்டுக்காரரையும் கையோடு கூட்டிப் போங்கள்.